ஒரு கிளினிக்கிலிருந்து நாலு கிளினிக்: கிளீனிங் வேலையைத் தொழிலாக்க உதவி வேண்டும் (திங்கட்கிழமைக்குள்!)

மதுரைக்காரன்:
எல்லோருக்கும் வணக்கம். கனடாவில் இருக்கிறேன். பகலில் வேர்ஹவுஸ் வேலை. ராத்திரி ஒரு பல் கிளினிக்கைச் சுத்தம் செய்கிறேன், மனைவியும் கூட வருவாள். டாக்டருக்கு வேலை பிடித்துப்போய், தன்னுடைய மற்ற மூன்று கிளினிக்கையும் என்னையே எடுத்துக்கொள்ளச் சொல்கிறார். திங்கட்கிழமைக்குள் விலை சொல்ல வேண்டும். கூடவே இன்ஷூரன்ஸ் பேப்பரும் 'க்ளியரன்ஸ்' என்று ஒன்றும் கேட்கிறார். இரண்டுமே என்னிடம் இல்லை. தெரிந்த காலேஜ் பையன்கள் இரண்டு பேர், கையில் காசாகக் கொடுத்தால் வருகிறோம் என்கிறார்கள். வேர்ஹவுஸை விட்டுவிடலாமா? எவ்வளவு கேட்பது? தூக்கமே வரவில்லை.

ஸ்காபரோ அண்ணை:
தம்பி, வேலையை விடாதீங்கோ. நான் தொண்ணூறுகளில் வந்த புதிதில் பகலில் ஃபாக்டரி, இரவில் ஆபீஸ் கிளீனிங். கார் இல்லை. மொப்பையும் வாளியையும் தூக்கிக்கொண்டு கடைசி பஸ்ஸைப் பிடிக்க ஓடுவேன். பனிக்காலத்தில் வாசல் முழுக்க, பனி உருகப் போடுற உப்பின் கறை. எத்தனை தரம் துடைத்தாலும் காய்ந்த பிறகு வெள்ளையாகத் திரும்ப வரும். சோப்புத் தண்ணி போடப்போட இன்னும் மங்கும், அதற்குத் தனி மருந்து இருக்கிறது என்று சொல்லித்தர ஒருத்தரும் இல்லை. கை வெடித்து ரத்தம் வரும். இப்ப வாறவைக்கு எல்லாம் கெதியாக வேணும். ரெண்டு வருஷம் பொறுங்கோ.

பிராம்ப்டன் வாசி:
பொறுத்தால் அந்த டாக்டர் வேறு ஆளைப் பார்ப்பார். வேர்ஹவுஸை விட்டுவிட்டு முழு மூச்சாக இறங்குங்கள். தனியாக அலையாமல் ஒரு ஃபிரான்சைஸ், அதாவது பெரிய கம்பெனிக்குக் காசு கட்டி அதன் பெயரில் தொழில் செய்யும் உரிமை, எடுத்தால் இன்ஷூரன்ஸ், பில் போடுவது, ஆள் பிடிப்பது எல்லாம் அவர்களே பார்த்துக்கொள்வார்கள். என் மச்சான் அப்படித்தான் நிமிர்ந்தான்.

மிசிசாகா அக்கா:
ஃபிரான்சைஸ்காரர்களிடம் காசு கட்டுவதே கஸ்டமருக்காக. இவரிடம் கஸ்டமர் தானே வந்து நிற்கிறாரே! யாராவது எடுக்க நினைத்தால், ஒன்ராறியோ மாகாணத்தில் கையெழுத்துக்கும் பணத்துக்கும் குறைந்தது 14 நாள் முன்பே முழு விவரப் பத்திரத்தைக் கையில் தர வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. தராமல் அவசரப்படுத்தினால் எழுந்து வந்துவிடுங்கள்.

தம்பி, நீங்கள் எந்த மாகாணம்? பி.ஆர். (நிரந்தர வதிவுரிமை) இருக்கிறதா? இப்போது மாதம் எவ்வளவு, எத்தனை மணி நேரம்? இது தெரியாமல் யார் என்ன சொன்னாலும் குருட்டாம்போக்குதான்.

வடக்கு யோர்க்:
அக்கா, விலையைப் பற்றிப் பேசி என்ன பயன்? பெரிய கான்ட்ராக்டர் ஒரு விலைக்கு எடுக்கிறார். அதை இன்னொருவருக்குக் கொடுக்கிறார், அவர் நம்ம ஆள் ஒருவருக்குக் கொடுக்கிறார். கடைசியில் டாய்லெட் கழுவுகிறவருக்குக் குறைந்தபட்சச் சம்பளம்கூடத் தேறாது. அதிலும் இரண்டு மாதப் பாக்கி. என் பாக்கி இன்னும் வரவில்லை. ஏமாற்றியவரும் தமிழர்தான்.

ஸ்காபரோ அண்ணை:
உண்மை. கோயிலில் முன்வரிசையில் நிற்பினம், சம்பளம் கேட்டால் போன் எடுக்கமாட்டினம்.

மதுரைக்காரன்:
மன்னிக்கவும், விவரம் சொல்லாமல் விட்டுவிட்டேன். ஒன்ராறியோவில் ஸ்காபரோதான், இரண்டு பேருக்கும் பி.ஆர். மாதம் 1,400 டாலர். வாரம் ஐந்து ராத்திரி, நாங்கள் இரண்டு பேரும் இரண்டிரண்டு மணி நேரம். மற்ற மூன்றும் இதே அளவு. அதே விலையைப் போடலாம் என்று இருக்கிறேன்.

மிசிசாகா அக்கா:
அந்த விலையைத் தயவுசெய்து கொடுக்காதீர்கள். மாதம் 22 ராத்திரி, இரண்டு பேர், இரண்டு மணி நேரம் என்றால் 88 மணி நேரம். 1,400 டாலரை வகுத்தால் மணிக்கு 16 டாலர்கூட வரவில்லை. ஒன்ராறியோவில் குறைந்தபட்சச் சம்பளம் 2025 அக்டோபரிலிருந்து 17.60. அதன் மேல் விடுமுறைச் சம்பளம் 4 சதவீதம், முதலாளி பங்கு சி.பி.பி. (ஓய்வூதியம்), இ.ஐ. (வேலையிழப்புக் காப்பீடு), டபிள்யூ.எஸ்.ஐ.பி. (வேலையிடக் காயத்துக்கான காப்பீடு) சேர்த்தால் ஒரு ஆளுக்கு மணிக்கு 20 டாலர் கிட்ட வந்துவிடும். 88 மணிக்கு 1,760. கிளீனிங் மருந்து, பெட்ரோல், இன்ஷூரன்ஸ், உங்கள் லாபம் எல்லாம் அதற்கு மேல்தான். உங்கள் மனைவியின் உழைப்புக்குக் கூலி போடாததால்தான் 1,400 இதுவரை கட்டுப்படியானது. என் கணக்கில் ஒரு கிளினிக்குக்கு 2,300-க்குக் கீழே போனால் ஆள் வைத்துச் செய்ய முடியாது.

க்ளியரன்ஸ் என்பது டபிள்யூ.எஸ்.ஐ.பி. சான்றிதழ். ஆள் சேர்த்த 10 நாளுக்குள் பதிய வேண்டும். தனியாளாகச் செய்கிறவருக்குக் கட்டாயமில்லை, விருப்பக் காப்பீடு எடுத்தால் அவருக்கும் சான்றிதழ் கிடைக்கும். மனைவியைத் தொழிலாளியாகக் காட்டுவதா பங்குதாரராகவா என்பதைக் கணக்காளரிடம் கேளுங்கள். லயபிலிட்டி இன்ஷூரன்ஸ் (உங்களால் மற்றவருக்கு வரும் சேதத்துக்கான காப்பீடு) பெரும்பாலும் 20 லட்சம் டாலருக்குக் கேட்பார்கள். புரோக்கரிடம் சாவி தொலைந்தால் பூட்டு மாற்றும் செலவும் அடங்குமா என்று கேட்டு வாங்குங்கள்.

பையன்களுக்குக் கையில் காசு வேண்டவே வேண்டாம். அவர்கள் மாணவர் விசாவில் இருந்தால், படிப்பு நடக்கும் காலத்தில் காலேஜுக்கு வெளியே வாரம் 24 மணி நேரம்தான் வேலை செய்யலாம். ஈரத் தரையில் ஒருவன் வழுக்கி விழுந்தால் அவன் விசாவும் உங்கள் வீடும் சேர்ந்து போகும். 'சப்-கான்ட்ராக்டர்' என்று எழுதிக்கொண்டாலும், நேரமும் சாமானும் முறையும் நீங்கள் சொல்வதுதான் என்றால் அவர்கள் உங்கள் தொழிலாளிகள்தான்.

பிராம்ப்டன் வாசி:
எச்.எஸ்.டி. என்ற விற்பனை வரியைச் சேர்த்தால் டாக்டர் விலை அதிகம் என்பாரே?

மிசிசாகா அக்கா:
சொல்லலாம். பல் வைத்தியத்துக்கு எச்.எஸ்.டி. பெரும்பாலும் இல்லை, அதனால் கட்டிய வரியை அவர் முழுக்கத் திரும்ப எடுக்க முடியாது. ஆனாலும் தவிர்க்க வழி இல்லை. தொடர்ந்து நான்கு காலாண்டில் 30,000 டாலர் தாண்டினால் பதிவு கட்டாயம், நான்கு கிளினிக் என்றால் தாண்டிவிடும். இப்போதே பதிந்து, விலைக்குப் பக்கத்தில் 'எச்.எஸ்.டி. தனி' என்று எழுதுங்கள். வேக்யூம் வாங்கிய வரியை நீங்கள் திரும்ப எடுக்கலாம்.

தம்பி, வேர்ஹவுஸை இப்போது விடாதீர்கள். டாக்டர் 30 நாள் கழித்துப் பணம் தருவார், ஆட்களுக்கு இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கொடுத்தாக வேண்டும். அந்த இடைவெளிக்குப் பணம் இருக்கிற அளவுக்கு மட்டும் கிளினிக் எடுங்கள். முதலில் ஒன்று, மூன்று மாதம் கழித்து அடுத்தது.

திங்கட்கிழமை விலைக்குப் பதிலாக இப்படி ஒரு மெயில் போடுங்கள்: "மூன்று இடத்தையும் நேரில் பார்த்துவிட்டு விலை தருகிறேன். இந்த வாரம் எந்த மாலை வசதி?" போகும்போது எத்தனை டாய்லெட், டிஷ்யூவும் குப்பைப் பையும் யார் செலவு, நோயாளி நாற்காலியும் ஊசி டப்பாவும் யார் பொறுப்பு என்று எழுதி வாங்குங்கள். ஊசி டப்பாவைத் தொடுவதில்லை என்று நீங்களே முதலில் சொல்லிவிடுங்கள்.

மதுரைக்காரன்:
மெயில் அனுப்பிவிட்டேன் அக்கா. புதன் மாலை வரச் சொல்லியிருக்கிறார். ஸ்காபரோ அண்ணை, அந்த உப்புக் கறை மருந்து பெயர் என்ன?

ஸ்காபரோ அண்ணை:
நியூட்ரலைசர் என்று கேளுங்கோ, கிளீனிங் சாமான் கடையில் கேலன் கணக்கில் இருக்கும். போத்தலில் போட்ட அளவுக்குத் தண்ணி கலந்து அடியுங்கோ, கூட்டிப் போட்டால் தரை ஒட்டும். புதன் நானும் வேணுமெண்டால் வாறன், டாய்லெட் எண்ணித் தாறன்.