பிப் மறுத்தால் தப்பு யார் மேல்?

செங்காங்வாசி:
எனக்கு 46 வயது, கிடங்கில்தான் வேலை. 40 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுக்கு 2024ல் சிங்கப்பூர் அரசாங்கம் கொடுத்த 4,000 வெள்ளி ஸ்கில்ஸ்ஃபியூச்சர் பயிற்சித் தொகையில் பைத்தான் என்ற நிரல்மொழி வகுப்பில் சேர்ந்தேன். வகுப்பில் விண்டோஸ், எல்லாம் ஓடியது. வீட்டில் மகனுடைய பழைய லேப்டாப், அதில் டெபியன் 12 என்ற லினக்ஸ். பட்டியல்களைத் திறக்கும் பாண்டாஸ் லைப்ரரியைப் போட, பைத்தான் லைப்ரரிகளை இறக்கும் பிப் கருவியில் ‘பிப் இன்ஸ்டால் பாண்டாஸ்’ என்று அடித்தால் ‘எக்ஸ்டர்னலி மேனேஜ்டு என்விரான்மெண்ட்’, அதாவது இந்த இடத்தை வேறொன்று நிர்வகிக்கிறது என்று நீளமாக ஒரு எரர். மூன்று இரவு போய்விட்டது, ஒரு வரி கோடு எழுதவில்லை. கற்க வருகிறவனை வாசலிலேயே நிறுத்தினால் தப்பு கருவி மேல்தான்.

உட்லண்ட்ஸ் அட்மின்:
அண்ணே, கோபம் நியாயம்தான், ஆனால் அந்தத் தடை வேண்டும். லினக்ஸில் சிஸ்டத்தின் சொந்தக் கருவிகள் பலவும் பைத்தானில் எழுதியவை, அவற்றின் லைப்ரரிகளை டெபியனின் சொந்த இன்ஸ்டாலரான ஆப்ட் பார்த்துக்கொள்கிறது. பிப் நடுவில் புகுந்து வேறு வெர்ஷனைப் போட்டால் இரண்டும் மோதும். முன்பு நான் வேலை பார்த்த இடத்தில் ஒருவர் சர்வரில் சூடோ பிப், அதாவது அட்மின் அதிகாரத்தோடு பிப் போட்டார், ஃபயர்வால் கருவி எழவே இல்லை, இரவு ஒரு மணிக்கு டாக்சி பிடித்துப் போய்ச் சரிசெய்தேன். இதைத் தடுக்கத்தான் பெப் 668 (பெப் என்றால் பைத்தானில் மாற்றம் கேட்கும் முன்மொழிவு) வந்தது, டெபியன் 12 அதை 2023லேயே எடுத்துக்கொண்டது. வென்வ், அதாவது சிஸ்டத்தைத் தொடாத தனி பைத்தான் ஃபோல்டர் போடுங்கள் என்று அந்த எரரிலேயே எழுதியிருக்கிறதே, படித்தீர்களா?

செங்காங்வாசி:
படித்தேன் தம்பி. வென்வ் போட்டேன், ‘என்ஷூர்பிப் (வென்வுக்குள் பிப்பை வைப்பது) இல்லை, ஆப்ட் வழியாகப் பைத்தான் 3.11 வென்வ் பேக்கேஜைப் போடு’ என்றது. ஒரு பூட்டைத் திறக்க இன்னொரு பூட்டா? அதே எரரின் கீழே ‘பிரேக் சிஸ்டம் பேக்கேஜஸ்’ என்று தடையை மீறும் குறுக்குவழியும் இருக்கிறது. நள்ளிரவில் களைத்துப் போனவன் எதைப் பிடிப்பான், சொல்லுங்கள்.

தேக்கா கோப்பி:
அண்ணன் பக்கம்தான் நான். ஜாவாஸ்கிரிப்டில் எழுதுகிறவன், அங்கே பிப் மாதிரி இருக்கும் என்பிஎம்மில் சாதாரணமாக எதைப் போட்டாலும் அந்த புராஜெக்ட் ஃபோல்டருக்குள்ளேயே போகும், சிஸ்டத்தோடு சண்டையே இல்லை. பைத்தானுக்கும் அப்படி வேண்டும் என்று பெப் 582 கேட்டது, 2023ல் நிராகரித்துவிட்டார்கள். தடையை வைத்தவர்கள் சுலபமான வழியையும் கூடவே வைத்திருக்க வேண்டாமா?

உட்லண்ட்ஸ் அட்மின்:
என்பிஎம்மை உதாரணமாகக் காட்டாதீர்கள். 2016ல் லெஃப்ட்-பேட் என்ற 11 வரிப் பேக்கேஜை எழுதியவரே நீக்கினார், அதை நம்பியிருந்த எத்தனையோ புரோகிராம்களின் பில்டுகள் உலகம் முழுக்க நின்றன.

தேக்கா கோப்பி:
அது வேறு நோய். எங்கிருந்து வருகிறது என்பது அந்தப் பிரச்சினை, எங்கே போய் உட்காருகிறது என்பது இது. இரண்டையும் குழப்பாதீர்கள்.

உட்லண்ட்ஸ் அட்மின்:
சரி, அது நியாயம். 582ஐ நிராகரித்ததில் எனக்கும் வருத்தம் உண்டு. ஆனால் தடையை எடுக்கச் சொன்னால் ஒப்பமாட்டேன். அண்ணே, 2024ல் பிப்புக்குப் பதிலாக யூவி என்று ஒரு கருவி வந்தது, வென்வை அதுவே போட்டுக்கொள்ளும். ‘யூவி இனிட்’, அப்புறம் ‘யூவி ஆட் பாண்டாஸ்’, அவ்வளவுதான்.

செங்காங்வாசி:
இப்போதுதான் போட்டுப் பார்த்தேன். கிடங்கின் சரக்குப் பட்டியல் திறந்துவிட்டது, 212 வரியும் திரையில் நிற்கிறது. நன்றி தம்பி. தடை இருக்கட்டும், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்த எரரின் முதல் வரியிலேயே இப்படி ஒரு வழி இருந்திருக்க வேண்டும், அதை மட்டும் விடமாட்டேன். நாளை வகுப்பில் என் பக்கத்தில் உட்காரும் அக்காவுக்கும் இதைக் காட்டப்போகிறேன், அவரும் இதே இடத்தில்தான் நிற்கிறார்.