பொட்டாஷ் போட்டும் கித்தா (ரப்பர்) இலை கருகுகிறது, வழி சொல்லுங்கள்

வணக்கம் அண்ணன்மார்களே. மலேசியா, பேராக் மாநிலத்தில் சுங்கை சிப்புட் பக்கம் எங்களுக்கு 4 ஏக்கர் கித்தா, ஆர்ஆர்ஐஎம் 600 ரகம். அடிக்கிளையில் முதிர்ந்த இலைகளின் ஓரம் மஞ்சளாகி, தீய்ந்த அப்பளம் மாதிரி கருகிவிடுகிறது. கொழுந்து மட்டும் பச்சையாக இருக்கிறது.

பொட்டாசியக் குறைதான் என்று போன மாதம் எம்ஓபி (பொட்டாஷ் உரம்) போட்டேன். மறுநாளே பேய்மழை! சரிவு நிலம், மணல் கலந்த புளிப்பு மண். உரம் நிற்காமல் அடித்துக்கொண்டு போயிருக்கும், என் காசும்தான். மண்ணில் பொட்டாசியம் இருந்தாலும் வேருக்கு எட்டுவது கொஞ்சம்தான் என்கிறார் மாமா. சரி, இனி இரண்டு மூன்று தவணையாகப் போடலாமா? அதிகமானால் மரம் மக்னீசியம் எடுப்பது குறையுமே என்றும் பயம்.

பேராக்கில் மண்ணையும் இலையையும் சோதிக்க எங்கே கொடுப்பது? எந்தக் கிளை இலையைப் பறிக்க வேண்டும்?