பின்புறக் கருங்கல் தடுப்புச் சுவரில் சின்ன அருவி – குழாய், குழி, பம்ப் சந்தேகம்

மலைச்சரிவு:
கோத்தகிரிப் பக்கம் வீடு. பின்னால் 5 அடி உயரம், 14 அடி நீளத்தில் சிமென்ட் வைத்துக் கட்டிய கருங்கல் தடுப்புச் சுவர். அதற்குப் பின்னால் முழுக்க மண். வீப் ஹோல் (தண்ணீர் கசிந்து வெளியேறச் சுவரில் விடும் துளை) 6 இருக்கிறது. நடுவில் ஓர் அடி அகலத்துக்குத் தண்ணீர் விழ வேண்டும். ஒரு வீப் ஹோல் வழியாகவே குழாயை ஏற்றிவிடலாம், சுவரை ஒட்டி 2 அடிக் குழி போதும் என்கிறார் மேஸ்திரி. மணிக்கு 3000 லிட்டர் பம்ப் போதுமா?

கல்கட்டு:
இரண்டுமே வேண்டாம் சார். மண்ணில் இறங்கும் மழைத்தண்ணீர் வெளியேறத்தான் வீப் ஹோல். அதை அடைத்தால் ஐப்பசி அடைமழையில் ஊறிய மண் சுவரைத் தள்ளும். குழாயைச் சுவரின் ஓரமாகச் சுற்றிக் கொண்டுபோங்கள்.

சுவரை ஒட்டிக் குழி எடுத்தால் அஸ்திவாரத்தின் பிடிமானம் போய்விடும். 2 அடி ஆழம் என்றால் 3 அடியாவது தள்ளி எடுங்கள். சுவரடியிலிருந்து குழிவரை 4 அங்குலம் மட்டும் சரிவாகச் செதுக்கி, 1 மி.மீ. ஈபிடிஎம் ஷீட்டை (தண்ணீர் இறங்காத ரப்பர் விரிப்பு) ஒரே துண்டாக விரித்து, கூழாங்கல் பரப்புங்கள். சுவர்ப் பக்கம் ஷீட் 6 அங்குலம் ஏறி நிற்கட்டும், ஆனால் வீப் ஹோலை மூடக் கூடாது. மழையில் அந்தத் தண்ணீரும் குழிக்குத்தான் வரும். ஆகவே நிரம்பினால் வழிந்தோட 2 அங்குலக் குழாய் ஒன்றை வடிகாலுக்கு விடுங்கள்.

மோட்டார்க்காரன்:
பெட்டியில் போட்டிருக்கும் 3000 லிட்டர் என்பது தண்ணீரை மேலே ஏற்றாமல் ஓடும்போது வரும் அளவு. உங்களுக்குக் குழியின் அடியிலிருந்து 7 அடி தூக்கவேண்டும், வளைவுகளுக்கு இன்னும் ஓர் அடி சேருங்கள்: சுமார் 2.5 மீட்டர். விழும் அகலம் ஓர் அங்குலத்துக்கு மணிக்கு 380 லிட்டர் இருந்தால்தான் தண்ணீர் திரைபோல விழும். ஓர் அடிக்கு 4500 லிட்டர் ஆகிறது. என்னைக் கேட்டால் 8 அங்குலமாகக் குறையுங்கள், 3000 போதும். ஆனால் 2.5 மீட்டர் உயரத்தில் 3000 தருகிறதா என்று பம்ப்பின் அட்டவணையில் பாருங்கள். குழாய் ஒன்றரை அங்குலம். முக்கால் அங்குலம் போட்டால் பாதித் தண்ணீர்கூட மேலே வராது. 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (மின்கசிவு வந்தால் உடனே மின்சாரத்தை நிறுத்தும் சுவிட்ச்) கட்டாயம்.

கல்கட்டு:
உதட்டுக்கு, அதாவது தண்ணீர் வழிந்து விழும் விளிம்புக்கு, கடப்பா கல், ஒன்றரை அங்குலத் தடிமன், சுவரைத் தாண்டி 3 அங்குலம் நீட்டிக்கொண்டிருக்க வேண்டும். அடிப்பக்கம் முனையிலிருந்து அரை அங்குலம் உள்ளே தள்ளி ஒரு காடி வெட்டச் சொல்லுங்கள். இல்லையென்றால் தண்ணீர் கல்லின் அடியிலேயே ஒட்டித் திரும்பிவந்து சுவர் இடுக்குகளில் இறங்கும். மேலே குழாய்த் தண்ணீர் வந்து சேரும் தொட்டி 40–50 லிட்டருக்கு மேல் வேண்டாம். தொட்டிக்கு அடியிலும் ஷீட் போய், உதட்டுக் கல்லுக்குக் கீழே முன்பக்கம் வந்து முடியவேண்டும். சிமென்ட் போடுமுன் ஹோஸ் விட்டுத் தண்ணீர் எங்கே விழுகிறது என்று பாருங்கள்.

மலைச்சரிவு:
புரிகிறது. ஒழுகினால் மேலேயா கீழேயா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

மோட்டார்க்காரன்:
பம்ப்பை நிறுத்தி, 10 நிமிஷம் கழித்துக் குழியில் மட்டத்தைக் குறித்துவிட்டு ஒரு ராத்திரி விடுங்கள். இறங்கியிருந்தால் கீழ் ஷீட். அப்படியே இருந்து, ஓடும்போது மட்டும் குறைந்தால் மேல்தொட்டி, உதடு, அல்லது ஷீட்டைத் தாண்டித் தெறிப்பது. பெரும்பாலும் தெறிப்புதான், அதனால் ஷீட்டின் ஓரத்தை உடனே வெட்டிவிடாதீர்கள்.