அரை மணிக்கு ஒரு தடவை ஃபுளோ கிராஃப் எகிறுகிறது, ஏன்?

கேள்வி:
வணக்கம். சிஸ்கோ ரவுட்டரில் நெட்ஃபுளோ (எந்த இணைப்பில் எவ்வளவு டேட்டா போனது என்று ரவுட்டர் எண்ணிச் சொல்லும் வசதி) வெர்ஷன் 9 போட்டு, யுடிபி 2055-இல் கலெக்டருக்கு (அந்தக் கணக்கை வாங்கி கிராஃப் போடும் மென்பொருள்) அனுப்புகிறேன். ரெக்கார்டுகள் வருகின்றன, அதில் குறையில்லை. ஆனால் ராத்திரி பேக்கப் ஓடும்போது கிராஃப் அரை மணி நேரம் தரையோடு கிடந்துவிட்டு, ஒரே ஒரு நிமிடம் 6 ஜிபிபிஎஸ்ஸுக்குத் துள்ளி மறுபடி படுத்துக்கொள்கிறது. லிங்க்கே 1 ஜிபிபிஎஸ்தான்! எஸ்என்எம்பி (இன்டர்ஃபேஸின் மொத்த பைட் கணக்கைப் படிக்கும் முறை) கிராஃபில் அதே நேரம் 100 எம்பிபிஎஸ் என்று நேர்கோடு. லேன் (உள் நெட்வொர்க்), வான் (வெளி லிங்க்) இரண்டு இன்டர்ஃபேஸிலும் நெட்ஃபுளோவை இன்புட், அவுட்புட் என்று இரு திசையிலும் போட்டிருக்கிறேன். கலெக்டரை இரண்டு முறை அழித்து இன்ஸ்டால் செய்தாயிற்று.

பதில் 1:
கலெக்டர் பாவம், விட்டுவிடுங்கள். ஆக்டிவ் டைம்அவுட்டைப் பாருங்கள் (ஓடிக்கொண்டிருக்கும் இணைப்பின் கணக்கை எவ்வளவு நேரத்துக்கு ஒரு தடவை அனுப்புவது என்ற அளவு), நீங்கள் கைவைக்காதவரை அது 1800 நொடி. பேக்கப் என்பது மணிக்கணக்கில் அறுபடாமல் ஓடும் ஒரே டிசிபி இணைப்பு, ரவுட்டர் அதைத் தன் தற்காலிக நினைவகமான கேஷிலேயே வைத்து எண்ணிக்கொண்டிருந்துவிட்டு அரை மணி ஆனதும் மொத்தத்தையும் ஒரே ரெக்கார்டாகத் தள்ளும், கலெக்டரோ அது வந்துசேர்ந்த நிமிடத்தில் அத்தனையையும் எழுதிவிடுகிறது. ஃபுளோ மானிட்டருக்குள் (ரவுட்டரில் இன்டர்ஃபேஸோடு மாட்டும் நெட்ஃபுளோ அமைப்பு) 'கேஷ் டைம்அவுட் ஆக்டிவ் 60' கொடுங்கள். மாற்றவிடாமல் அடம்பிடித்தால் இன்டர்ஃபேஸிலிருந்து மானிட்டரைக் கழற்றி, மாற்றி, திரும்ப மாட்டுங்கள்.

கேட்டவர்:
சரி, ஆனால் 100 எம்பிபிஎஸ்ஸை 30 நிமிடத்துக்குப் பெருக்கி ஒரு நிமிடத்தில் அடைத்தாலும் 3 ஜிபிபிஎஸ்தானே வருகிறது?

பதில் 2:
மீதி 3 உங்கள் கைங்கரியம் :) ஒரே பாக்கெட்டை லேனில் நுழையும்போது ஒரு தடவை, வானில் வெளியேறும்போது இன்னொரு தடவை எண்ணுகிறீர்கள். அவுட்புட்டை எடுத்துவிட்டு எல்லா இன்டர்ஃபேஸிலும் இன்புட் மட்டும் வையுங்கள். ரவுட்டரின் ஃபுளோ ரெக்கார்டு அமைப்பில் 'கலெக்ட் இன்டர்ஃபேஸ் அவுட்புட்' என்ற வரி இருந்தால் போதும், எது எந்த வழியாக வெளியே போனது என்று கலெக்டரே பிரித்துக்கொள்ளும்.

அப்புறம் ஒன்று, பழைய 'ஐபி ஃபுளோ-கேஷ் டைம்அவுட் ஆக்டிவ்' கட்டளையில் எண் நிமிடத்தில், மேலே சொன்ன புதிய 'கேஷ் டைம்அவுட் ஆக்டிவ்' கட்டளையில் நொடியில். நான் ஒரு பழைய ரவுட்டரில் நொடி என்று நினைத்து 60 போட்டுவிட்டு, மணிக்கு ஒரு தடவை துள்ளும் கிராஃபைப் பார்த்து முழித்திருக்கிறேன்.

கேட்டவர்:
இரண்டையும் மாற்றினேன், நேற்று ராத்திரி கோடு நேராக வந்தது. 99-ஐ ஒட்டி நிற்கிறது, எஸ்என்எம்பி 100. அந்த ஒன்று எங்கே?

பதில் 1:
எஸ்என்எம்பி ஒவ்வொரு ஐபி பாக்கெட்டின் முன்னாலும் ஒட்டிவரும் ஈத்தர்நெட் ஹெட்டரையும் சேர்த்து எண்ணும், நெட்ஃபுளோ ஐபி பைட்டுகளை மட்டும். அதைத் துரத்த வேண்டாம்.