மரியோ 3க்குள் கிடக்கும் டிபக் பகுதி: சோம்பலா, தெரிந்தே விட்டதா?

நிலாவெளிக்காற்று:
சூப்பர் மரியோ பிரதர்ஸ் 3 பற்றிய பழைய இழையில் டொக்யாட் அண்ணா, "டிபக் பகுதியை அழிக்காமல் கசற்றை விற்றது சுத்தச் சோம்பல்" என்று ஒரே போடாகப் போட்டுவிட்டுப் போனார். எனக்கு அது பொறுக்கவில்லை, அதனால் தனியாகத் திறக்கிறேன்.

தெரியாதவர்களுக்கு: 1988இல் ஜப்பானில் வந்த அந்த நிண்டெண்டோ விளையாட்டின் நிரலுக்குள், செய்தவர்கள் பிழை தேடவும் சோதிக்கவும் தங்களுக்காக எழுதிய ஒரு பகுதி, அதாவது டிபக் பகுதி, அப்படியே இருக்கிறது. நினைவகத்தில் ஒரேயொரு பைட், அதில் பதினறும எண்ணில் 80 விழுந்தால் போதும், ஆட்டத்தின் நடுவே செலக்ட் பட்டனை அமத்த அமத்த மரியோ உடுப்பு மாற்றிக்கொண்டே போவார்: நெருப்பு, வால், தவளை, சுத்தியல் என்று வரிசையாக. அந்த பைட்டை மாற்றும் வழி மட்டும் விளையாட்டுக்குள் எங்குமே இல்லை. கசற்றுக்கும் இயந்திரத்துக்கும் நடுவில் செருகி விளையாட்டின் எண்களை மாற்றும் கேம் ஜீனி மாதிரிக் கருவி ஒன்றைப் போட்டால்தான் திறக்கும். வழியை வெட்டிவிட்டு வேலையை உள்ளே விட்டிருக்கிறார்கள், இதில் எங்கே சோம்பல்?

டொக்யாட்_அண்ணா:
தம்பி, நான் மென்பொருள் சோதிக்கிற வேலையில் இருக்கிறவன், அதனால்தான் சொன்னேன். விற்கும் பொருளுக்குள் சோதனைக் கருவி இருக்கக்கூடாது. பாதியை வெட்டிப் பாதியை விட்டால் அது முடிக்காத வேலை. வேறு பெயர் எனக்குத் தெரியாது.

நிலாவெளிக்காற்று:
அண்ணா, அந்தக் காலத்து நிலைமையையும் பாருங்கள். முழு விளையாட்டும் 384 கிலோபைட், நிரல் எட்டு எட்டு கிலோபைட் துண்டுகளாக அடுக்கப்பட்டது, எல்லாமே அசெம்ப்ளியில், அதாவது இயந்திரக் கட்டளைகளை ஒவ்வொன்றாக எழுதும் மொழியில் எழுதினது. நடுவில் ஒரு துண்டை உருவினால் பின்னால் உள்ள முகவரிகள் (ஒவ்வொரு கட்டளையும் நினைவகத்தில் இருக்கும் இடத்தின் எண்கள்) எல்லாம் நகரும், யாரோ ஒருவர் எங்கேயோ முகவரியை எண்ணாகவே எழுதி வைத்திருந்தால் அந்த இடத்தில் கவிழும், அது விளையாட்டின் கடைசியான எட்டாம் உலகத்தில் மட்டும் தெரிந்தால் யார் பிடிப்பது? சிப்பில் அச்சடித்துக் கடைக்குப் போன பிறகு இப்போது மாதிரி அப்டேட் அனுப்பவும் முடியாது.

விண்கலத்தை ஓட்டிச் சுடும் கிராடியஸ் விளையாட்டின் கதையும் இதுதான். அதைச் செய்த கொனாமி நிறுவனத்தில் கசுஹிசா ஹஷிமோட்டோ 1986இல் அதை நிண்டெண்டோவுக்கு மாற்றும்போது தனக்கே கஷ்டமாக இருக்கிறது என்று, எல்லாச் சக்தியும் ஒரேயடியாகக் கிடைக்கிற பட்டன் வரிசையைச் சோதனைக்காகப் போட்டார். எடுக்க மறந்துபோனது. கடைசி நேரத்தில் தெரியவந்தபோது, எடுத்தால் வேறேதும் உடையலாம் என்று விட்டுவிட்டார்கள். மேல் மேல் கீழ் கீழ் இடது வலது இடது வலது பி ஏ. கொனாமியின் இன்னொரு விளையாட்டான கொன்ட்ராவில் முப்பது உயிர் எடுத்த எல்லாப் பெடியன்களும் இதைத்தான் அமத்தினார்கள்.

டொக்யாட்_அண்ணா:
முகவரி நகரும் என்கிற நியாயம் நிற்காது. துண்டை உருவவே தேவையில்லை. அந்த இயந்திரத்தின் செயலி 6502 வகை, அதில் ஒன்றும் செய்யாத கட்டளை ஒன்று இருக்கிறது, ஒரு பைட், EA என்று எழுதுவார்கள். (தமிழில் ஈஏ என்று வைத்துக்கொள்ளுங்கள்.) டிபக் பகுதி இருந்த இடம் முழுக்க அதை நிரப்பினால் ஒரு முகவரியும் அசையாது. செய்யலாம், செய்யவில்லை.

இதெல்லாம் பாதிப்பில்லை என்கிறவர்களுக்கு 2005ஐ ஞாபகப்படுத்துகிறேன். ஜிடிஏ சான் அண்ட்ரியாஸ் என்ற விளையாட்டில் பாலியல் காட்சி ஒன்றைப் பூட்டிவிட்டு டிஸ்க்கிலேயே விட்டார்கள். ஜூனில் வெளியாள் ஒருவர் பூட்டைத் திறக்கும் சிறு நிரலை வெளியிட்டார், ஜூலையில் விளையாட்டுகளுக்கு வயதுத் தரம் போடும் அமெரிக்கத் தரச்சபை அதைப் பெரியவர்களுக்கு மட்டும் என்று மாற்றியது, பெரிய கடைகள் எல்லாம் அலுமாரியில் இருந்து இறக்கின. அங்கேயும் வழியை வெட்டித்தான் இருந்தார்கள், தம்பி.

கிண்ணியாக்காரன்:
நானா, அது வேறு. அது காட்டுவதற்கென்றே செய்த காட்சி, பிறகு மறைத்தது. மரியோவில் இருப்பது வேலை ஆயுதம். இரண்டையும் ஒரே தராசில் போட்டால் எப்படி?

ஆயுதத்துக்கு நல்ல உதாரணம் சோனிக் 2 விளையாட்டு. ஒலிகளைக் கேட்டுப்பார்க்கும் சவுண்ட் டெஸ்ட் திரையில் 19, 65, 09, 17 போட்டால் கட்டம் தெரிவு செய்யலாம், பிறகு அங்கே 01, 09, 09, 02, 01, 01, 02, 04 என்று அது வெளியான திகதியைப் போட்டு, ஏ பட்டனைப் பிடித்தபடி ஆட்டத்தைத் தொடங்கினால் டிபக். பியை அமத்த சோனிக் ஒரு மோதிரமாகிவிடுவார், ஏ அமத்த அமத்த வேறு வேறு பொருளாக மாறுவார், சியை அமத்தினால் அந்தப் பொருள் அங்கேயே நிற்கும். மேலே புள்ளி காட்டும் இடத்தில் சோனிக் நிற்கும் இடத்தின் எண்ணும் கமரா நிற்கும் இடத்தின் எண்ணும் ஓடும். ஒரு கட்டத்தை எப்படி அடுக்கினார்கள் என்று எனக்கு விளங்கியது அதில் விளையாடித்தான், எந்த வகுப்பிலும் இல்லை.

பாலையூற்று_ரீச்சர்:
பிள்ளைகளுக்கு ஐசிடி படிப்பிக்கிறேன். டிபக் செய்வதைப் பற்றி வழு நீக்கல் என்று பாடத்தில் நாலு வரி வரும், மனப்பாடம் செய்து எழுதுவார்கள், அவ்வளவுதான். கேட்கிறேன், இந்த விளையாட்டைக் காட்டினால் "டிபக்கை உள்ளே விடலாம்" என்று எடுத்துக்கொள்ள மாட்டார்களா? ஏற்கெனவே செயல்திட்டத்தில் சோதனைக் கடவுச்சொல்லை அப்படியே விட்டுவிட்டு ஒப்படைக்கிறார்கள்.

டொக்யாட்_அண்ணா:
அதேதான் ரீச்சர் என் பயம். 1988இல் கசற் தனியாக ஒரு வீட்டு டிவியில் கிடந்தது. இன்றைக்கு இங்கே நம்முடைய பெடியன்கள் எழுதுவது கடைக் கணக்கும் கிளினிக் பதிவும், அதுவும் இணையத்தில். அதில் ஒரு பைட்டில் திறக்கிற கதவு இருந்தால் யாரும் ரசிக்கப் போவதில்லை.

நிலாவெளிக்காற்று:
இணையத்தில் ஓடுகிற கணக்குக்கு நீங்கள் சொல்வதை ஒருபோதும் மறுக்கமாட்டேன் அண்ணா. ஆனால் அந்த அளவுகோலை 1988க்குக் கொண்டுபோய் அந்த மனிதர்களைச் சோம்பேறி என்று சொல்லாதீர்கள். ஈஏ நிரப்பினால் முகவரி அசையாது, சரி. ஆனால் அந்தக் கட்டளை ஒவ்வொன்றுக்கும் செயலியின் இரண்டு சுழற்சி (அதன் கடிகாரத் துடிப்பு) நேரம் போகும், ஓட்டத்தின் கணக்கு மாறும், மாறினால் முழு விளையாட்டையும் திரும்பச் சோதிக்க வேண்டும். சோதிக்கிற உங்களுக்கு இது என்னைவிட நன்றாகத் தெரியும்.

எல்லாவற்றையும் வழித்துத் துடைத்திருந்தால் எங்களுக்கு என்ன தெரிந்திருக்கும்? மோர்ட்டல் கொம்பாட் என்ற சண்டை விளையாட்டின் முதல் ஆர்கேட் (காசு போட்டு விளையாடும்) இயந்திரத்தில் கடைக்காரர் பார்க்கும் கணக்குத் திரையில் எர்மக்ஸ் என்று ஒரு வரி இருந்தது. எரர் மக்ரோ, பிழை எத்தனை தடவை வந்தது என்று எண்ணுவது. பார்த்த பெடியன்கள் மறைந்திருக்கும் சிவப்பு நிஞ்சா என்று கதை கட்டினார்கள், கடைசியில் 1995இல் நிறுவனமே எர்மக்கை ஒரு வீரனாக்கி விளையாட்டில் விட்டது. அதே தொடரின் ஆர்கேட் பதிப்புகளில் அதை உருவாக்கியவர்களில் ஒருவரான எட் பூன் வைத்த டிபக் பட்டியல் 2018இல்தான் வெளியே தெரிந்தது, கால் நூற்றாண்டு கழித்து.

டொக்யாட்_அண்ணா:
சோம்பல் என்ற சொல்லை வேண்டுமென்றால் விடுகிறேன், நேரமில்லை என்று வைத்துக்கொள்வோம். முடிக்காத வேலை என்றதை விடமாட்டேன். செலக்டைப் பார்க்கும் அந்த ஒரு சோதனையை மட்டும் தாண்டிப் போகச் செய்ய மூன்று பைட் போதும், உங்கள் சுழற்சிக் கணக்கும் பெரிதாக மாறாது. நிரலைத் திறந்து இடத்தைக் காட்டுகிறேன், நீங்களும் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள். ரீச்சர், பிள்ளைகளுக்குத் தாராளமாகக் காட்டுங்கள், சான் அண்ட்ரியாஸ் கதையையும் சேர்த்துச் சொல்லுங்கள்.