பெரிய டீவியைக் கொடுக்க வேண்டாம்

குழு: நம்ம வீடு, ஹட்டன்

வெள்ளி, மாலை 6.40

அம்மா: பிள்ளைகளா, நாளைக் காலையில் பழைய இரும்பு லொறி வருகிறது. பழைய குக்கர், துருப்பிடித்த தகரம் எல்லாம் எடுத்து வைத்துவிட்டோம். மூலையில் இருக்கும் பெரிய டீவியையும் கொடுத்துவிடலாம் என்று அப்பா சொல்கிறார். யாருக்காவது வேண்டுமா?

சுதா: எங்களுக்கு வேண்டாம் அம்மா. இங்கே வைக்க இடமில்லை.

குமார்: அம்மா, அதைக் கொடுக்க வேண்டாம். லொறிக்காரர் கேட்டாலும் கொடுக்க வேண்டாம்.

அப்பா: நாலு வருசமாக அதை யாரும் போடவில்லை. ரெண்டு பேர் தூக்க வேண்டிய பாரம். அந்த இடத்தில் அரிசி மூட்டை வைக்கலாம்.

குமார்: அப்பா, டிரங்குப் பெட்டியில் டீவி கேம் இருக்கிறதுதானே, துவக்கோடு? அந்தத் துவக்கு இந்த மாதிரி பழைய பிக்சர் டியூப் டீவியில் மட்டும்தான் வேலை செய்யும். டீவி போனால் துவக்கு வெறும் பிளாஸ்டிக்.

கவின்: மாமா, அதை நேற்றே எடுத்துவிட்டேன். ஹாலில் இருக்கும் புது டீவியில் மாட்டினேன். நாய் வருகிறது, வாத்து பறக்கிறது. எவ்வளவு சுட்டாலும் ஒன்றும் விழவில்லை. திரைக்குப் பக்கத்தில் போய்ச் சுட்டும் விழவில்லை. துவக்கு பழுது என்று அம்மாச்சியிடம் சொல்லிவிட்டேன்.

குமார்: பழுது இல்லை கவின். துவக்கிலிருந்து எதுவும் வெளியே போவதில்லை, துவக்குதான் திரையைப் பார்க்கிறது. அதன் வாய்க்குள் வெளிச்சத்தை உணரும் சின்ன சாமான் ஒன்று இருக்கிறது. நீ அமுக்கியதும் திரை ஒரு கண் இமைக்கும் நேரம் கறுப்பாகும். அடுத்த நொடிக்குள் வாத்து இருந்த இடத்தில் மட்டும் ஒரு வெள்ளைக் கட்டம் வரும். கறுப்புக்குப் பிறகு வெள்ளையைத் துவக்கு கண்டால் வாத்து விழும். பழைய டீவி படத்தை மேலிருந்து கீழே கோடு கோடாக, வந்த உடனேயே வரையும். புது டீவி படத்தை வாங்கி, சரிப்படுத்தி, கொஞ்சம் தாமதித்துக் காட்டும். வெள்ளைக் கட்டம் வருவதற்குள் துவக்கு பார்த்து முடித்துவிடும்.

கவின்: ஓ! அமுக்கும்போது திரை மின்னுவதைப் பார்த்தேன். அதுதானா?

குமார்: அதேதான். 1984இல் வந்த டக் ஹண்ட் என்ற ஆட்டம் அது. அந்தக் காலத்தில் இருந்த சாமானை வைத்துக்கொண்டு இப்படி ஒரு வழி கண்டுபிடித்தார்கள் பார். எனக்கு இன்றைக்கும் ஆச்சரியம்தான்.

பிரதீப்: கட்டாரிலிருந்து வணக்கம். மச்சான், அந்தக் காலத்து கேம் எல்லாம் என் போனிலேயே இருக்கிறது. வேலை முடிந்து ரூமுக்கு வந்தால் மாரியோதான். அதற்காக ஒரு டீவியைக் காப்பாற்ற வேண்டுமா?

குமார்: போனில் ஆடு, நல்லதுதான். நானும் பஸ்ஸில் ஆடுவேன். ஆனால் மச்சான், டேங்க் ஆட்டத்தைப் போனில் ஒருநாளாவது ரெண்டு பேராக ஆடினாயா?

பிரதீப்: அது இல்லைதான்.

குமார்: 35 ஸ்டேஜ். ஒவ்வொன்றிலும் 20 டேங்க் வரும். ஒருவன் முன்னால் போவான், ஒருவன் கீழே நின்று நம்ம கோட்டையான கழுகுச் சின்னத்தைக் காப்பான். நீ அவசரத்தில் என்னைச் சுட்டுவிடுவாய், நான் கொஞ்ச நேரம் அசைய முடியாமல் நிற்பேன், அதற்குள் கழுகைச் சுற்றியிருக்கும் செங்கல்லை உடைத்துவிடுவார்கள். நம்ம லயத்துக் காம்பராவில் அந்தச் சண்டை இல்லாத சாயங்காலம் உண்டா?

பிரதீப்: மேல் மேல் கீழ் கீழ் இடது வலது இடது வலது பி ஏ. அப்புறம் ஸ்டார்ட். கொன்ட்ரா ஆட்டத்தில் இந்த வரிசையில் அமுக்கினால் 30 உயிர். இதோ மேசையில் விரல் தானாகப் போகிறது.

சுதா: அதை என் கணக்குக் கொப்பியின் கடைசிப் பக்கத்தில் எழுதி வைத்திருந்தீர்கள். டீச்சர் என்னவென்று கேட்டார்.

குமார்: அந்த வரிசையை முதலில் வைத்தவர் கொனாமி என்ற கேம் கம்பெனியில் வேலை செய்த கசுஹிசா ஹஷிமோட்டோ. 1986இல் கிரேடியஸ் என்ற ஆட்டத்தைச் சோதித்துப் பார்க்க வேண்டியிருந்தது, ஆட்டம் அவருக்கே கஷ்டமாக இருந்ததாம். தனக்காக வைத்ததை எடுக்காமல் விட்டுவிட்டார். அது ஹட்டன் வரைக்கும் வந்து சேர்ந்தது. 2020இல் அவர் இறந்த செய்தியைப் படித்த அன்று எனக்கு மனசு கனத்தது.

ரவி மாமா: இப்போதுதான் எல்லாம் வாசித்தேன். அத்தான், டீவியைக் கொடுக்காதீர்கள். பிக்சர் டியூப் டீவி புதிதாக யாரும் செய்வதில்லை. இருப்பதுதான் இருக்கிறது.

அப்பா: நீயும் அவர்கள் பக்கமா?

ரவி மாமா: இருபது வருசம் நோர்வூட்டில் டீவி பழுது பார்த்தவன் நான். கவின், கவனமாகக் கேள். அந்த டீவி நாலு வருசம் ஈரக் காற்றில் இருந்திருக்கிறது. உடனே கரண்ட் கொடுக்காதே. சுவரை விட்டுத் தள்ளி, காய்ந்த இடத்தில் ஒரு இரவு நிற்கட்டும். ஈரத்தோடு போட்டால் பின்னால் படபடவென்று பொறி பறக்கும். பின்மூடியை மட்டும் எந்தக் காரணத்துக்கும் கழற்றாதே. ஓடும்போது உள்ளே 20,000 வோல்ட்டுக்கு மேல் இருக்கும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் டியூப்பில் கரண்ட் நிற்கும்.

கவின்: சரி தாத்தா. மஞ்சள் கெசட் ஒன்று இருக்கிறது, மேலே 9999 என்று எழுதியிருக்கிறது. அதைப் போட்டால் திரை முழுக்கக் கட்டம் கட்டமாக வருகிறது. அம்மா சொன்ன மாதிரி ஊதிப் பார்த்தேன். மூன்றாவது தடவை வந்தது, பிறகு போய்விட்டது.

ரவி மாமா: ஊதாதே மகன். வாயிலிருந்து போகும் ஈரம் கெசட்டின் செம்புப் பின்களை இன்னும் பச்சை பிடிக்க வைக்கும். ஊதியதால் அது வேலை செய்யவில்லை. கழற்றித் திரும்ப மாட்டினாய் அல்லவா, அப்போது பின் சரியாக உட்கார்ந்திருக்கும். வெள்ளை அழிறப்பர் இருக்கிறதா?

கவின்: இருக்கிறது.

ரவி மாமா: கெசட்டின் கீழே செம்புப் பல்வரிசை தெரியும். அழிறப்பரை அதன் மேல் மெதுவாக, ஒரே பக்கமாகத் தேய். தூளைக் காய்ந்த தூரிகையால் தட்டிவிடு. ஈரத் துணி வேண்டாம். அடப்டரையும் பார். கேம் பெட்டியின் அடியில் எத்தனை வோல்ட் என்றும் பிளஸ் மைனஸ் எந்தப் பக்கம் என்றும் போட்டிருக்கும். இரண்டும் ஒத்துவராவிட்டால் மாட்டாதே.

கவின்: இரண்டும் 9 வோல்ட். பிளஸ் மைனஸ் படமும் ஒன்றுதான். (படம்)

குமார்: இந்தப் படம் எத்தனை கிலோபைட் என்று பார் கவின். சூப்பர் மாரியோ முழு ஆட்டமும் 40 கிலோபைட்தான். 1985இல் வந்தது. இடத்தை மிச்சப்படுத்த மேகத்துக்கும் செடிக்கும் ஒரே ஓவியத்தைத்தான் போட்டிருக்கிறார்கள், நிறம் மட்டும் வேறு. நாளைக்கு ஆடும்போது பார்.

கவின்: உண்மையாகவா? இந்தப் பெட்டி நிண்டெண்டோவா மாமா?

குமார்: இல்லை. நிண்டெண்டோவின் ஃபமிகொம் 1983இல் ஜப்பானில் வந்தது. இது அதைப் பார்த்துச் செய்த நகல். கெசட்டில் 60 பின் இருக்கும், ஃபமிகொம் மாதிரியே. 9999 என்று போட்டிருந்தாலும் ஆட்டம் கொஞ்சம்தான், ஒரே ஆட்டத்தை வேறு வேறு ஸ்டேஜிலிருந்து தொடங்கி எண்ணிக்கையைக் கூட்டியிருப்பார்கள். ஆனால் அந்தக் கொஞ்சமும் நல்ல ஆட்டங்கள்.

அம்மா: அதை வாங்கியது 95 தீபாவளிக்கு. முற்பணம் எடுத்து வந்த கையோடு டவுனில் வாங்கினார். நான் ரெண்டு நாள் பேசவில்லை.

அப்பா: பிள்ளைகள் அடுத்த லயத்தில் போய் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். எனக்குப் பிடிக்கவில்லை.

சுதா: அடுத்த வருசம் மழையில்லாமல் நீர்த்தேக்கம் எல்லாம் வற்றி, நாடு முழுக்கக் கரண்ட் வெட்டினார்கள். ஞாபகம் இருக்கிறதா அண்ணா?

குமார்: மறக்க முடியுமா! அந்த ஆட்டங்களில் சேமித்து வைக்கும் வசதி இல்லை. நிறுத்தினால் முதலிலிருந்துதான். அதனால் பள்ளிக்கூடம் போகும்போது டீவியை மட்டும் அணைத்து, பெட்டியை அப்படியே விட்டுப் போவேன். ஒருநாள் மாரியோவில் எட்டாவது உலகம் வரைக்கும் போய்விட்டு அப்படி வைத்தேன். மத்தியானம் கரண்ட் போனது. வந்து பார்த்தால் முதல் திரை. வாசல் இஸ்தோப்பில் உட்கார்ந்து அழுதேன்.

சுதா: அண்ணா, ஒரு விசயம் சொல்ல வேண்டும். ஒரு வாத்து மட்டும் வரும் ஆட்டத்தில் கண்ட்ரோலை அமுக்கினால் வாத்து நாம் சொல்கிற பக்கம் போகும். நீங்கள் சுடும்போது நான் பக்கத்தில் போர்வைக்குள் கண்ட்ரோலை வைத்திருந்தேன்.

குமார்: சுதா!! அந்த வாத்து கடைசி நேரத்தில் திரும்புமே, அது நீயா?

சுதா: நான்தான். குளிருக்குப் போர்த்திக்கொண்டிருக்கிறேன் என்று நினைத்தீர்கள்.

பிரதீப்: மாமா, டீவியை விடக்கூடாது. இந்தக் கணக்கைத் தீர்த்தாக வேண்டும்.

அப்பா: சரி. குக்கரும் தகரமும் போகட்டும். டீவி இருக்கட்டும். அரிசி மூட்டைக்கு குமார் வந்து தட்டு அடித்துத் தர வேண்டும்.

குமார்: அடுத்த போயா லீவுக்கு வருகிறேன் அப்பா. பலகையும் நானே கொண்டு வருகிறேன்.

ஞாயிறு, மாலை 4.15

கவின்: மாமா, இப்போதுதான் போட்டோம். முதலில் திரையில் ஒரு பக்கம் பச்சையாக இருந்தது. கொஞ்ச நேரத்தில் தானாகச் சரியாகிவிட்டது.

ரவி மாமா: பொறிச் சத்தம் ஏதாவது?

கவின்: இல்லை தாத்தா. போட்டதும் ஒருமுறை "டொங்" என்றது. கையைத் திரைக்குப் பக்கத்தில் கொண்டுபோனால் மயிர் நிற்கிறது.

ரவி மாமா: அது அப்படித்தான். நல்ல டீவி.

கவின்: மாமா, வாத்து விழுந்தது!!! முதல் குண்டிலேயே! அம்மாச்சியும் சுட்டார். மூன்று குண்டும் தவறியது, நாய் சிரித்தது. அம்மாச்சிக்குக் கோபம்.

அம்மா: அந்த நாய் அன்றைக்கும் இப்படித்தான் சிரித்தது.

குமார்: மஞ்சள் கெசட்?

கவின்: அழிறப்பர் கறுப்பாகிவிட்டது, அவ்வளவு அழுக்கு. இப்போது ஒரே தடவையில் வருகிறது. மேகமும் செடியும் ஒன்றுதான், பார்த்தேன்.

சுதா: கவின், தாத்தா எங்கே? போன் எடுக்கவில்லை.

கவின்: இங்கேதான் அம்மா. டேங்க் ஏழாவது ஸ்டேஜ். தாத்தா கழுகைக் காக்கிறார், கண்ட்ரோலை விட முடியாது. அப்புறம் எடுப்பார்.