விலை பேசிய பிறகு வந்த விதிமாற்றம்: கூடுதல் செலவை யார் ஏற்பது?

கேள்வி (குத்தகையாளர், முன்பு பத்தாங் பெர்ஜுந்தை எனப்பட்ட பெஸ்தாரி ஜெயா, சிலாங்கூர்)

அனைவருக்கும் வணக்கம். நான் தனி வீடுகள் மட்டும் கட்டிக் கொடுக்கும் சிறு குத்தகையாளன். என் தந்தை தோட்டத்தில் தச்சு வேலை பார்த்தவர். அவரோடு ஏணி பிடித்து லயத்து வீடுகளுக்குக் கூரைத் தகடு மாற்றிய நாளிலிருந்து இந்தத் தொழிலில் இருக்கிறேன். என்னிடம் வருகிறவர்களில் பெரும்பாலோர் தோட்டத்தை விட்டு வெளியேறி, சேமநிதிப் பணத்தில் ஒரு துண்டு நிலம் வாங்கி, அதில் முதன்முதலாகச் சொந்த வீடு எழுப்புகிறவர்கள்.

பால்மரம் சீவி ஓய்வு பெற்ற ஒரு தம்பதிக்கு, ஏறக்குறைய 1,000 சதுர அடியில் ஒற்றை மாடி வீடு கட்ட ஒப்புக்கொண்டேன். 2010ஆம் ஆண்டு வேறொரு வீட்டுக்கு நான் கட்டிய பிளானை அவர்களிடம் காட்டி, அதன்படியே விலை பேசி, முன்பணமும் வாங்கிவிட்டேன். இப்போது அங்கீகாரம் பெற்று வந்திருக்கும் புதிய பிளானில் மூன்று மாற்றங்கள் இருக்கின்றன. கூரைக்கு 100 மில்லிமீட்டர் வெப்பக்காப்பு கேட்கப்பட்டிருக்கிறது. தூண்களிலும் விட்டங்களிலும் T12 என்று குறிக்கப்பட்டிருந்த 12 மில்லிமீட்டர் கம்பிகள் H12 என்று மாறி, அவற்றின் இடைவெளியும் வேறாக இருக்கிறது. பின்னறையின் சன்னல் பெரிதாகியிருக்கிறது. கூரைப் பொருளுக்கு மட்டுமே மூவாயிரம் ரிங்கிட்டுக்கு மேல் கூடுதலாகப் போகும்போல் தெரிகிறது.

இந்தச் செலவை அந்தத் தம்பதியிடம் கேட்க எனக்கு மனம் வரவில்லை. நானே ஏற்றால் இந்த வேலையில் எனக்கு மிஞ்சுவது மிகக் குறைவு. இம்மூன்றும் புதிய விதிகளால் வந்தவைதானா? எந்த வீட்டுக்கு எந்த விதி பொருந்தும் என்பதை விலை பேசும் முன்பே அறிந்துகொள்ள வழி உண்டா?

மறுமொழி 1 (பதிவு பெற்ற கட்டட வரைவாளர், கிள்ளான்)

தம்பி, உங்கள் மூன்று மாற்றங்களையும் ஒரே கட்டாகக் கட்டிப் பார்க்காதீர்கள். அவை வந்த வழி வெவ்வேறு.

நம் நாட்டில் வீடு கட்டுவதற்கு அடிப்படையாக இருப்பவை 1984ஆம் ஆண்டின் ஒருசீர் கட்டடத் துணைவிதிகள். 1974ஆம் ஆண்டின் சாலை, வடிகால், கட்டடச் சட்டத்தின் கீழ் அவை வருகின்றன. பெயரில் ஒருசீர் என்று இருந்தாலும், ஒவ்வொரு மாநிலமும் தன் கெஜட்டில் வெளியிட்ட பிறகுதான் அவற்றில் செய்யப்படும் திருத்தம் அந்த மாநிலத்தில் நடைமுறைக்கு வரும். கோலாலம்பூரில் ஒரு கருத்தரங்கில் கேட்டதை வைத்துக்கொண்டு நம் ஊரில் விலை போடுவதும், பக்கத்து மாநிலத்தில் வேலை செய்யும் நண்பரின் பேச்சை நம்பி விலை போடுவதும் இதனால்தான் ஆபத்து.

கூரை விவகாரம் 38A என்ற துணைவிதியிலிருந்து வருகிறது. சிலாங்கூர் அதை 2012இலேயே கெஜட் செய்துவிட்டது. உங்கள் பழைய பிளான் 2010ஐச் சேர்ந்ததாகையால் அந்தத் தேவை அதில் இல்லை. குடியிருப்பு வீடு உட்பட எந்தக் கட்டடத்தின் கூரையானாலும், அதன் வழியாக வெப்பம் கடக்கும் அளவு, அதாவது யூ மதிப்பு (ஒரு பாகை வெப்ப வேறுபாட்டுக்குச் சதுர மீட்டருக்கு எத்தனை வாட் என்ற கணக்கு), ஒரு வரம்பைத் தாண்டக்கூடாது என்பதே அதன் சாரம். சதுர மீட்டருக்கு 50 கிலோவுக்குக் குறைவான எடையுள்ள இலேசான கூரைக்கு 0.4, அதற்கு மேற்பட்ட கனமான கூரைக்கு 0.6. நீங்கள் போடப் போகும் மெட்டல் டெக் தகடு இலேசான வகை என்பதில் சந்தேகமில்லை. 100 மில்லிமீட்டர் கனமுள்ள காங்கிரீட் தளமாக இருந்தால் சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 240 கிலோ வரும். அது கனமான வகை.

இனி 100 மில்லிமீட்டர் என்ற அளவு எங்கிருந்து வந்தது என்று பாருங்கள். ராக்வூல் என்ற கனிமப் பஞ்சின் வெப்பக் கடத்து திறன் 0.04 என்று வைத்துக்கொண்டால், 0.1 மீட்டரை 0.04ஆல் வகுக்க 2.5 வருகிறது, ஒன்றை 2.5ஆல் வகுத்தால் சரியாக 0.4. மேலுள்ள தகடும், உள்ளிருக்கும் காற்றும், சீலிங்கும் சேர்ந்து இன்னும் சற்றுக் கைகொடுக்கும். அதே பஞ்சை 50 மில்லிமீட்டர் மட்டும் போட்டால் அது மட்டும் வரம்புக்குள் கொண்டுவந்துவிடாது. ஆனால் அலுமினியத் தாளும் அதை ஒட்டிய காற்றிடைவெளியும் சேரும்போது கணக்கு மாறும். ஆகவே மெல்லிய பஞ்சும் தாளும் சேர்ந்த அமைப்பு வரம்புக்குள் வருமா என்று உங்கள் வரைவாளரிடம் எழுத்தில் கணக்குக் கேளுங்கள். தாள் தகட்டோடு ஒட்டிக் கிடந்தால் அதனால் பயனே இல்லை என்பதையும் உங்கள் ஆட்களிடம் சொல்லி வையுங்கள்.

இன்னொன்று. நான் நேரில் பார்த்த வீடுகளில், பஞ்சைக் கம்பி வலையின் மேல் விரித்து, அதன் மேல் தகட்டை வைத்துத் திருகாணி முடுக்கும்போது, குறுக்குச் சட்டங்களின் மேல் 100 மில்லிமீட்டர் பஞ்சு அப்பளம்போல் நசுங்கிவிடுகிறது. பணம் கொடுத்து வாங்கிய கனம் அந்த இடத்தில் காணாமல் போகிறது. சீலிங்கின் மேல் பரப்பினால் இந்த நசுக்கம் இராது, ஏணியில் நின்று செய்யும் வேலையும் குறையும். சீலிங் சட்டம் அந்தப் பாரத்தைத் தாங்குமா என்பதை மட்டும் முதலில் உறுதிசெய்துகொள்ளுங்கள்.

சன்னல் புதிய விதி அன்று. அறையின் தரைப்பரப்பில் 10 விழுக்காடு வெளிச்சத்துக்கும், 5 விழுக்காடு தடையின்றிக் காற்று வரவும் வேண்டும் என்பது பழைய 39ஆம் துணைவிதி. உங்கள் பழைய வீட்டில் எந்த வகைச் சன்னல் இருந்தது, இப்போது எந்த வகை போடுகிறீர்கள் என்று சொல்லுங்கள். காரணம் அங்கேதான் இருக்க வேண்டும்.

கடைசியாக, உங்கள் வரைவாளர் ஏன் விட்டுக்கொடுக்க மாட்டார் என்பதையும் புரிந்துகொள்ளுங்கள். 12 ஏப்ரல் 2007 முதல், வீட்டுக்குக் குடிபுகும் தகுதிச் சான்றான சி.எஃப். போய், கட்டி முடித்ததற்கும் விதிகளுக்கு இணங்கியதற்குமான சான்றிதழாகிய சி.சி.சி. வந்துவிட்டது. அதை ஊராட்சி மன்றம் தருவதில்லை. பிளானை ஒப்படைத்த கட்டடக் கலைஞரோ பொறியாளரோ வரைவாளரோ தம் பொறுப்பில் கையெழுத்திட்டுத் தருகிறார். அதற்கு முன் வேலையின் வெவ்வேறு கட்டங்களுக்கான G1 முதல் G21 வரையுள்ள படிவங்களில் அந்த வீட்டுக்குப் பொருந்துபவை பூர்த்தியாக வேண்டும். அடித்தளத்துக்கான G3இலும் கட்டமைப்புக்கான G4இலும் வேலை செய்த குத்தகையாளராகிய உங்கள் கையெழுத்தும் இருக்கும்.

மறுமொழி 2 (குத்தகையாளர், சுங்கை சிப்புட், பேராக்)

சகோதரரே, கம்பியைப் பற்றி மட்டும் சொல்கிறேன், ஏனென்றால் அதில் நானே அடிபட்டவன். முன்பு நம் பொறியாளர்கள் பி.எஸ். 8110 என்ற பிரிட்டிஷ் தரத்தின்படி கணக்கிட்டார்கள்; அதில் உயர்வலிமைக் கம்பியை T என்று எழுதுவார்கள். இப்போது ஐரோப்பிய முறையைத் தழுவிய எம்.எஸ். இ.என். 1992இன்படி கணக்கிடுகிறார்கள், கம்பியின் குறி H ஆகிவிட்டது. வலிமையும் சதுர மில்லிமீட்டருக்கு 460 நியூட்டனிலிருந்து 500 ஆகியிருக்கிறது. கம்பியின் தடிப்பு இரண்டிலும் 12 மில்லிமீட்டர்தானே என்று, கொட்டகையில் மிச்சமிருந்த பழைய கம்பியை நான் ஒரு விட்டத்தில் கட்டிவிட்டேன். காங்கிரீட் ஊற்றும் முந்திய நாள் பொறியாளர் வந்து, கம்பி ஆலை தரும் தரச்சான்றான மில் சான்றிதழைக் கேட்டு, கட்டிய கம்பி முழுவதையும் அவிழ்க்கச் சொன்னார். இரண்டு நாள் கூலியும் ஒரு லோரி கலவைக்கான முன்பதிவும் போயின. அவர் செய்தது சரி. பிளானின் ஓரத்தில் எழுதியிருந்த குறிப்பை நான்தான் படிக்கவில்லை. கம்பி இறங்கும் நாளிலேயே சான்றிதழை வாங்கிப் பிளானோடு சேர்த்து வையுங்கள்.

விலை விஷயத்தில் நான் இப்போது இரண்டு தாள்கள் தருகிறேன். முதல் தாள் பேச்சுக்கு மட்டும். அதில் "அங்கீகார முத்திரை பெற்ற பிளான் வந்த பிறகு விலை உறுதி செய்யப்படும்" என்று பெரிய எழுத்தில் தமிழிலும் மலாயிலும் எழுதியிருப்பேன். முத்திரை பெற்ற பிளான் கைக்கு வந்ததும், அதை விரித்து வைத்து வரி வரியாக விலை போட்டு, இரண்டாம் தாளில் இரு தரப்பும் கையெழுத்திடுவோம். வேலை தொடங்கும் அறிவிப்பான B படிவம் ஊராட்சி மன்றத்துக்குக் குறைந்தது நான்கு நாளுக்கு முன் போக வேண்டுமல்லவா, அது போகும் முன் இந்தத் தாள் முடிந்திருக்க வேண்டும் என்பது என் கட்டுப்பாடு. முன்பணத்தை அதற்குப் பிறகே வாங்குகிறேன். இதனால் சில வேலைகள் கை நழுவின என்பது உண்மை. ஆனால் நழுவிய வேலைகளை நினைத்து நான் இதுவரை உறக்கமிழந்ததில்லை.

மறுமொழி 3 (வீட்டு உரிமையாளர், கோல சிலாங்கூர்)

அண்ணா, நான் கட்டடத் தொழிலில் இல்லாதவள். ஆனால் உங்கள் வாடிக்கையாளரைப் போன்ற பெற்றோருக்குப் பிறந்தவள். லயத்து வீட்டில் தகரக் கூரையின் கீழ் வளர்ந்தேன். மதியம் இரண்டு மணிக்குப் பிறகு அம்மா எங்களை வீட்டுக்குள் இருக்க விடமாட்டார். மாலையில் வெயில் இறங்கும்வரை பாயை எடுத்துக்கொண்டு மாமரத்தடிக்குப் போய்விடுவோம். எங்கள் இப்போதைய வீட்டில் சீலிங்குக்கு மேல் பஞ்சு பரப்பியிருக்கிறார்கள். அதே அம்மா இன்று அந்த நேரத்தில் ஹாலில் பாயை விரித்துக் காற்றாடியின் கீழ் உறங்குகிறார்.

ஆகவே கூடுதல் செலவை அந்தத் தம்பதியிடம் மறைக்காமல் சொல்லுங்கள் என்றே கேட்டுக்கொள்கிறேன். பொருளின் விலைச் சீட்டை அவர்கள் கையில் கொடுங்கள். "சட்டம் கேட்கிறது" என்று மட்டும் சொன்னால் அவர்களுக்கு அது அபராதம்போல் தோன்றும். ஒரு பிற்பகலில், பஞ்சு போட்ட வீட்டுக்கு அவர்களை அழைத்துச் செல்லுங்கள்; விரும்பினால் எங்கள் வீட்டுக்கே வரலாம்.

கேள்வி கேட்டவரின் மறுமொழி

ஐயாவுக்கும், சகோதரருக்கும், தங்கைக்கும் மனமார்ந்த நன்றி. சன்னலை இன்று அளந்து பார்த்தேன். ஐயா கேட்டதுதான் விடை. பழைய வீட்டில் இருந்தது மூன்றரை அடிக்கு மூன்றடி அளவுள்ள நாக்கோ சன்னல். கண்ணாடித் துண்டுகள் சாய்ந்தால் ஏறக்குறைய முழுவதும் திறந்துவிடும். இந்தத் தம்பதி நகர்த்தும் சன்னல் கேட்டார்கள். அதில் பாதிதான் திறக்கும். அறை 9.3 சதுர மீட்டர், ஐந்து விழுக்காடு என்றால் 0.465 சதுர மீட்டர். சட்டத்தைக் கழித்தால் பழைய அளவில் அது கிடைக்காது. ஆக, அந்தச் செலவு விதிமாற்றத்தால் வந்ததன்று, அவர்களின் விருப்பத்தால் வந்தது. பழையபடி நாக்கோ போட்டுக்கொண்டால் சன்னலைப் பெரிதாக்கவே தேவையில்லை. வரைவாளரிடம் கேட்டேன்; பிளானில் அதைத் திருத்தித் தர ஒப்புக்கொண்டார்.

கூரை விதி 2012 முதல் இருப்பதை அறியாமல் 2010ஆம் ஆண்டுப் பிளானை நீட்டியது என் தவறு. எனவே நேற்று மாலை அவர்கள் வீட்டுக்குப் போய், கூரைப் பொருளின் விலையில் பாதியை நானே ஏற்பதாகவும், பஞ்சைச் சீலிங்கின் மேல் பரப்புவதற்குத் தனியாகக் கூலி கேட்கப் போவதில்லை என்றும் சொன்னேன். பெரியவர் விலைச் சீட்டை இரண்டு முறை படித்தார். அவர் மனைவிதான், "அந்தப் பொண்ணு வீட்டுக்கு எப்போ போகலாம்?" என்று கேட்டார். தங்கைக்குச் சம்மதமென்றால், வரும் ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் மூன்று மணிக்கு அழைத்து வருகிறேன்.